மோதுண்ட வாகனமும் காப்புறுதியும்

ஒரு பாடசாலைக்கு முன்பாகவுள்ள பாதசாரிக் கடவையில் பிள்ளைகள் வீதியைக் கடக்கின்றனர். அவர்களுக்கு வழிவிட்டு ஒரு கார் நிற்கின்றது. பின்னால் வந்த லொறி உரிய நேரத்தில் நிறுத்தப்படாமல் அந்தக் காரின் பிற்பகுதியில் மோதிவிடுகின்றது. பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை, காரில் இருந்தவருக்கும் வெளிப்படையான காயம் எதுவுமில்லை. காரின் பின்புறம் மாத்திரம் நசுங்கிக் கிடக்கின்றது. பிழை யாருடையது என்பதில் அங்கே கூடிநிற்கும் எவருக்கும் ஐயமில்லை. லொறியின் சாரதியே அதை ஒப்புக்கொள்ளுகிறார். ஆகவே, கார்க்காரரின் நட்டம் முழுவதும் சிரமம் எதுவுமின்றி ஈடுசெய்யப்பட்டுவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், பிழையற்றவர் என்னும் நிலை ஒருவருக்கு உரிமையைத் தருமேயன்றிப் பணத்தைத் தருவதில்லை. அந்த உரிமையைப் பணமாக்கும் வேலை, அநியாயம் போலத் தோன்றினாலும், பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகின்றது.

அவருக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தம்முடைய சொந்தக் காப்புறுதி நிறுவனத்தோடு தாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழி. மற்றொன்று, தமக்குத் தீங்கிழைத்தவரிடம் நட்டஈடு கேட்கும் சட்ட வழி. முதலாவது வழியிற் செல்பவர் பிறருடைய பிழையை நிறுவ வேண்டியதில்லை. விபத்து நிகழ்ந்தது, சேதம் இவ்வளவு என்று காட்டினாற் போதும். இரண்டாவது வழியிற் செல்பவரோ பிழையையும் நிறுவ வேண்டும், சேதத்தையும் நிறுவ வேண்டும், அச்சேதம் அப்பிழையாலேயே வந்தது என்பதையும் நிறுவ வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதனாலேயே பலர் கையில் இருந்த உரிமையை நழுவவிடுகின்றனர்.

இங்கே மூன்றாந் தரப்பு என்னும் சொல்லைச் சற்று விளக்குதல் நன்று. காப்புறுதி ஒப்பந்தத்தில் பத்திரம் பெற்றவர் முதலாம் தரப்பு; நிறுவனம் இரண்டாம் தரப்பு; அவ்விருவருமல்லாத ஏனையோர் யாவரும் மூன்றாந் தரப்பு. லொறிக்காரரின் பத்திரத்தைப் பொறுத்தவரையில், நசுங்கிய காரின் உரிமையாளர் மூன்றாந் தரப்பினர் ஆகிறார். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் ஓடும் வாகனங்களுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. அப்பத்திரமின்றி ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. ஆனால் அச்சட்டத்தின் முதன்மையான அக்கறை மனித உயிரும் உடலும் பற்றியது. விபத்தில் இறந்தவருக்கும் காயமுற்றவருக்கும் நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதே கட்டாயத்தின் நோக்கம். பிறருடைய வாகனமும் மதிலும் கடையும் உடைந்தால் நிறுவனம் எவ்வளவு கொடுக்கும் என்பது அந்தந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. அதற்கு ஓர் உச்சத் தொகையும் குறிக்கப்பட்டிருக்கலாம். அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக மாத்திரம், விலை மிகக் குறைந்த பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் வாகனக்காரர் பலர். அவர்களுடைய சிக்கனம் மோதப்படுபவருடைய செலவாக மாறுகின்றது.

விபத்தின் பின்வரும் முதல் ஒரு மணி நேரத்தில் செய்யப்படுவதும் செய்யாது விடப்படுவதும் பின்னர் வரும் ஓராண்டை நிர்ணயிக்கின்றன. காயம்பட்டவர் எவரேனும் இருப்பின் அவரைக் கவனிப்பதே முதல் வேலை. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 119 பொலிசாருக்குரிய அவசர எண். விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதி வாகனத்தை நிறுத்திப் பெயரும் விலாசமும் கொடுத்தல் சட்டம் விதித்த கடமை. அதன்பின், வாகனங்களை ஓரத்துக்கு நகர்த்துமுன், அவை நின்ற நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். இக்காலத்தில் கைத்தொலைபேசி இல்லாதவர் அரிது. ஆயினும் பலர் தம்முடைய வாகனத்தின் நசுங்கிய பகுதியை மட்டும் பத்துப் படம் எடுத்துவிட்டு, லொறியின் இலக்கத் தகட்டை ஒரு படமும் எடுக்காமல் வந்துவிடுகின்றனர். நசுங்கல் எங்கும் போய்விடாது, மறுநாளும் இருக்கும். லொறிதான் போய்விடும். ஆகவே இரு வாகனங்களும் நின்ற இடம், கடவையின் கோடுகள், வீதியில் ரயர் இழுபட்ட தடம், லொறியின் இலக்கம், அதன் காப்புறுதி அட்டை, சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றையே முதலிற் படமெடுக்க வேண்டும். காரின் பிரேக் விளக்கு எரிகின்றதா என்பதையும் ஒரு படத்திற் பிடித்துக்கொள்ளுதல் பயன்தரும். அதன் காரணம் பின்னர் விளங்கும். எதிரே தேநீர்க்கடை வைத்திருப்பவர், பிள்ளைகளைக் கடவையில் வழிநடத்தி நின்ற ஆசிரியர் ஆகியோரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ள இரண்டு நிமிடமே செல்லும். மூன்று மாதம் கழிந்தபின் அவர்களைத் தேடிப்பிடிக்க மூன்று நாள் செல்லும்.

பூரண காப்புறுதி உள்ளவர் அந்த இடத்திலிருந்தே தம்முடைய நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். இலங்கையில் நிறுவனங்கள் தம்முடைய மதிப்பீட்டாளரை விபத்து நிகழ்ந்த இடத்துக்கே அனுப்பிவைப்பது வழக்கமாகியுள்ளது. அவர் வருமுன் வாகனத்தை எடுத்துச்சென்றால், பின்னர் ஒவ்வொரு கீறலுக்கும் விளக்கம் சொல்ல நேரிடும். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது.

இந்த இடத்திலேதான் பலரும் தடுமாறுகின்றனர். லொறியின் சாரதி அருகில் வந்து, “ஐயா, பொலிசுக்குப் போகவேண்டாம். முதலாளி அறிந்தால் என் வேலை போய்விடும். இருபதாயிரம் ரூபாய் தருகிறேன், இங்கேயே தீர்த்துக்கொள்ளுவோம்” என்கிறார். அவர் சொல்வது பொய்யாக இருக்கவேண்டுமென்பதில்லை. வீட்டிலே பிள்ளைகள் இருப்பர். இருபதாயிரம் அவருக்குப் பெருந்தொகையாக இருக்கும். சுற்றி நிற்பவர்களும், “பாவம், விட்டுவிடுங்கள்” என்பர். இரக்கம் வேண்டாமென்று எவரும் சொல்ல முடியாது. எனினும் அந்த இரக்கம் உண்மையில் யாருக்குப் பயன்படுகின்றது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். வேலையிலிருக்கும் ஊழியனின் கவனக்குறைவுக்கு அவனை வேலைக்கமர்த்திய எசமானனும் சட்டப்படி பொறுப்பாளி. லொறியின் உரிமையாளரும் அவருக்குப் பத்திரம் வழங்கிய நிறுவனமும் கொடுக்க வேண்டிய பணத்தை, ஒரு கூலிச் சாரதியின் சட்டைப் பையிலிருந்து வாங்கிக்கொண்டு, கொடுக்கக்கூடியவர்களை விடுவித்துவிடுவதே அந்தத் தெருவோரச் சமாதானத்தின் பலன். சாரதிக்கும் அதனால் நன்மையில்லை.

அதனினும் பெரிய இடர் வேறு உண்டு. தெருவில் நின்று பார்க்கும்போது தெரிவது பம்பரும் விளக்கும் மாத்திரமே. பம்பர் என்பது இக்காலக் கார்களில் ஒரு பிளாஸ்ரிக் உறை. மோதலின் பின் அது ஓரளவு பழைய வடிவுக்குத் திரும்பிவிடும்; அதன் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமோ வளைந்தபடியே இருக்கும். பொதிப்பெட்டியின் தளம் மடிந்திருக்கலாம். பின்புறக் கமரா, தடையுணரும் கருவிகள் ஆகியவற்றின் மின்கம்பிகள் அறுந்திருக்கலாம். இலங்கை வீதிகளில் நிறைந்து காணப்படும் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் பலவற்றில், விலையுயர்ந்த மின்கலம் பின் ஆசனத்தை ஒட்டியே வைக்கப்பட்டுள்ளது. இவற்றைக் கராஜில் கழற்றிப் பார்த்த பின்னரே சேதத்தின் அளவு தெரியவரும். இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு, “இனிமேல் எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு துண்டுக் கடதாசியிற் கையொப்பமிட்டவர், இரண்டு இலட்சத்துக்கான பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எவரிடமும் செல்ல முடியாது. தம்முடைய சொந்த நிறுவனத்திடமும் செல்ல முடியாமற் போகலாம். ஏனெனில், பிழையாளரிடம் பணத்தை மீளப்பெறும் நிறுவனத்தின் உரிமையை அவர் அந்தக் கையொப்பத்தால் அழித்துவிட்டார். பத்திரத்தின் நிபந்தனைகள் அதை அனுமதிப்பதில்லை.

பிரேக் விளக்கைப் பற்றி முன்னர் குறிப்பிடப்பட்டது. பின்னால் வந்து மோதியவரே பிழையாளர் என்பது பொதுவான அனுபவம். மாற்ற முடியாத விதியன்று. முன்னால் நின்ற வாகனத்தின் விளக்கு எரியவில்லை, காரணமின்றித் திடீரென நிறுத்தப்பட்டது என்று எதிர்த்தரப்பினர் வாதிடலாம். முற்காலத்தில், பாதிக்கப்பட்டவரிடமும் பிழை இருந்தால் நட்டஈடு முழுவதையும் அவர் இழந்துவிடக்கூடிய நிலை இருந்தது. விபத்தைத் தவிர்க்கும் கடைசி வாய்ப்பு யாருக்கு இருந்தது என்று நீதிமன்றங்கள் ஆராய்ந்து, ஒருவருக்கே முழுப்பொறுப்பையும் சுமத்தின. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றியது. இப்பொழுது பிழை பங்கிடப்படும். சேதம் நான்கு இலட்சம் என்றும், கார்க்காரரின் பங்கு நாலிலொன்று என்றும் நீதிமன்றம் கண்டால், அவருக்கு மூன்று இலட்சம் கிடைக்கும். ஒரு சிறிய விளக்கின் படத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் பெறுமதி இருக்கலாம் என்பது இதனாற் புலனாகும்.

இனி, பூரண காப்புறுதி உள்ளவரின் வழியைப் பார்க்கலாம். அந்த வழி விரைவானது. லொறிக்காரரின் நிறுவனம் என்ன சொல்லுகிறது என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விரைவுக்கும் ஒரு விலையுண்டு. எக்செஸ் எனப்படும் ஒரு முதற்பங்கை உரிமையாளரே ஏற்கவேண்டுமென்று பத்திரம் கூறியிருக்கலாம். பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகம் இடப்படும்போது, வாகனத்தின் வயதுக்கேற்ப ஒரு பகுதி கழிக்கப்படலாம். கோரிக்கை எதுவும் செய்யாத ஆண்டுகளுக்காகக் கட்டணத்திற் கொடுக்கப்பட்டுவரும் நோ கிளெயிம் போனஸ் என்னும் கழிவும் குறைந்துபோகலாம். பிறர் செய்த பிழைக்குத் தாம் ஏன் அக்கழிவை இழக்கவேண்டுமென்று பாதிக்கப்பட்டவர் கேட்பது நியாயமே. நிறுவனம் அக்கழிவைப் பிழைக்குரிய தண்டனையாகக் கருதுவதில்லை. தான் பணம் செலவிட நேர்ந்ததா என்பதையே பார்க்கின்றது. எனவே, அப்பணம் லொறித் தரப்பிலிருந்து மீளப்பெறப்பட்டால் கழிவைத் திருப்பித்தருமாறு, கோரிக்கைப் படிவத்தோடு கூடவே எழுத்து மூலம் கேட்டுவைத்தல் வேண்டும். கேளாதவருக்கு அதைத் தேடிக் கொடுக்கும் நிறுவனங்கள் மிகுதியாக இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இவற்றினும் அதிகமாக இலங்கை வாகனக்காரரைத் தாக்கியது வேறொன்று. அது குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்தல். 2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த பெறுமதி, சில மாதங்களுக்குள் 360 ரூபாயைக் கடந்தது. தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025இலேயே. இந்த ஐந்தாண்டு இடைவெளியில், பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. உதிரிப்பாகங்களின் விலையும் அவ்வாறே. ஆனால் பத்திரத்தில் எழுதப்பட்ட தொகையை உயர்த்தப் பலர் மறந்தனர். உயர்த்தினால் கட்டணம் கூடுமே என்று வேண்டுமென்றே விட்டவர்களும் உண்டு. மொத்த அழிவு நேர்ந்தாலன்றி அதனால் தீங்கில்லை என்பது அவர்களுடைய எண்ணம். அது தவறான எண்ணம். பங்குவீத நிபந்தனை உள்ள ஒரு பத்திரத்தில், அறுபது இலட்சம் பெறுமதியான கார் நாற்பது இலட்சத்துக்கு மாத்திரம் காப்புறுதி செய்யப்பட்டிருந்தால், உரிமையாளரே மூன்றிலொரு பங்கு இடரைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். திருத்தச் செலவு மூன்று இலட்சமாயின், நிறுவனம் இரண்டு இலட்சமே கொடுக்கும். எஞ்சிய ஓர் இலட்சத்துக்கு அவர் லொறிக்காரரையே தேடிப்போக வேண்டும். இறக்குமதி திறந்தபின் விலைகள் வேறு விதமாக அசைகின்றன. ஆகவே ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கும் வேளையிற் சந்தை விலையை விசாரித்து எழுதுதல் வேண்டும். அதிகமாக எழுதுவதிலும் பயனில்லை. கட்டணம் கூடுமேயன்றி, காரின் உண்மைப் பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் கிடைக்காது.

கிடைக்காததற்குக் காரணம் காப்புறுதியின் அடிப்படைத் தத்துவமே. நட்டத்தை ஈடுசெய்வது அதன் வேலை, இலாபம் கொடுப்பதன்று. இதை 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாக்கியது. ஒருவர் தம்முடைய வீட்டை விற்க உடன்பட்டிருந்தார். விற்பனை முற்றுப்பெறுமுன் வீடு தீயினாற் சேதமுற்றது. காப்புறுதி நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்தது. பின்னர் வாங்குபவரும் பேசிய விலையைக் குறையாமற் கொடுத்துவிட்டார். இரண்டையும் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை, காப்புறுதிப் பணத்தைத் திருப்பித்தர வேண்டுமென்று நீதிமன்றம் தீர்த்தது. அதே தத்துவத்தின்படி, கார்க்காரருக்குப் பணம் கொடுத்த நிறுவனம், அவ்வளவு தொகைக்கு அவருடைய இடத்தில் நின்று லொறித் தரப்பிடம் கேட்கும் உரிமையைப் பெறுகின்றது. ஆகவே ஒரே சேதத்துக்கு இரு நிறுவனங்களிடமும் முழுப்பணம் வாங்கலாமென்று எண்ணுவது சட்டத்துக்கும் நேர்மைக்கும் ஒவ்வாது. ஆனால் தம்முடைய நிறுவனம் கொடாத பகுதியை, அதாவது முதற்பங்கையும் வயதுக் கழிவையும் வாடகை வண்டிச் செலவையும், லொறித் தரப்பிடம் கேட்பது முற்றிலும் நியாயமானது. அது இரட்டிப்புப் பணமன்று. பலர் இவ்வேறுபாட்டை அறியாமல், சொந்த நிறுவனம் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணி விட்டுவிடுகின்றனர்.

திருத்த வேலையைத் தொடங்குமுன் நிறுவனத்தின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும் என்பது எல்லாப் பத்திரங்களுக்கும் ஏறக்குறையப் பொதுவான விதி. அவசரப்பட்டுக் கழற்றிய பாகத்துக்கு எவரும் பொறுப்பேற்கமாட்டார்கள். கராஜ்காரர் எழுதிக்கொடுக்கும் மதிப்பீட்டில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும், அது புதியதா, பாவித்ததா என்பதும், கூலியும், பெயின்ற் செலவும் தனித்தனியே இருக்கவேண்டும். “பின்பக்கம் செய்ய” என்று ஒரு வரியில் ஒரு தொகையைக் குறித்த மதிப்பீடு மதிப்பீடேயன்று. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏராளம். அவற்றுள் நல்லனவும் உண்டு. கதவு, பொதிப்பெட்டி மூடி போன்றவற்றுக்கு அவை பொருத்தமாகவே இருக்கும். ஆனால் புதிய பாகத்துக்குப் பணம் அனுமதிக்கப்பட்ட பின்னர் பாவித்த பாகம் பொருத்தப்படுதல் கூடாது. கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் வைத்திருக்குமாறு கராஜ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இரண்டு பயன் உண்டு: நிறுவனம் கேட்டாற் காட்டலாம், உண்மையில் மாற்றப்பட்டதா என்று உரிமையாளரும் அறியலாம். கழற்றியபின் உள்ளே புதிய சேதம் தென்பட்டால், வேலையை அவ்விடத்தில் நிறுத்தி மதிப்பீட்டாளரை மறுபடியும் அழைக்க வேண்டும். மூடிப் பூசியபின் அழைப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

கராஜிலே எழும் இன்னொரு சபலத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. “முன்கதவிலும் பழைய நசுங்கல் ஒன்று இருக்கிறதே, ஐயா, அதையும் இதோடு சேர்த்து எழுதிவிடுவோமா?” என்று வேலைக்காரர் கேட்பார். லொறி பின்னால் மோதியது. முன்கதவு எவ்வாறு நசுங்கிற்று என்பதை எந்த மதிப்பீட்டாளரும் கேட்பார். ஒரு பொய் அகப்பட்டால், கோரிக்கை முழுவதையும் நிராகரிக்க நிறுவனத்துக்கு இடமுண்டாகும். நாலாயிரம் ரூபாய்க்காக நான்கு இலட்சத்தைப் பணயம் வைப்பது அறிவுடைமையன்று.

வேலை முடிந்ததென்று சொல்லி வாகனத்தைக் கொடுக்கும்போது, மாலை மங்கலில் வாங்கிச் செல்லாமல் பகல் வெளிச்சத்திற் பார்த்து வாங்குதல் வேண்டும். பெயின்ற் நிறத்தின் வேறுபாடு வெயிலிலேதான் தெரியும். பொதிப்பெட்டி மூடியைச் சுற்றியுள்ள இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக உள்ளதா என்று பார்க்கலாம். மூடியின் மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, மேலதிகச் சில்லு வைக்கும் குழியில் ஈரம் கசிகின்றதா என்று விரலால் தடவிப் பார்ப்பது எளிய சோதனை. மாரி காலத்தில் அந்தக் குழியில் நீர் தேங்கித் துருப்பிடித்த பின்னர் கண்டுபிடிப்பதினும் இது மேல். நேரான வீதியில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கின்றதா என்பதையும் பார்க்கவேண்டும். இவற்றில் குறை இருப்பின், திருப்தி தெரிவிக்கும் படிவத்தில் கையொப்பமிடுமுன்னரே சொல்லவேண்டும்.

பூரண காப்புறுதி இல்லாதவருக்குச் சட்ட வழி ஒன்றே உண்டு. இலங்கையின் உரோமன் டச்சுச் சட்டம் அதற்கு வகைசெய்கின்றது. அவ்வழக்கின் மூலவேர், கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் அக்குயிலியச் சட்டம். பிறருடைய அடிமையையோ கால்நடையையோ கொன்றவனும், பிறர் பொருளை எரித்தவனும் உடைத்தவனும் அதற்குரிய பணத்தைக் கொடுக்கவேண்டுமென்று உரோமர் விதித்தனர். மாட்டு வண்டியும் மண்பாண்டமும் இருந்த உலகத்துக்காக இயற்றப்பட்ட அந்த விதியிலிருந்து வளர்ந்த சட்டமே, இன்று ஏ-9 வீதியில் நசுங்கிய ஹைபிரிட் காருக்கும் நீதி சொல்லுகின்றது.

முதலில், லொறியின் உரிமையாளருக்கும் அவருடைய காப்புறுதி நிறுவனத்துக்கும் கோரிக்கைக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, படங்கள், விரிவான மதிப்பீடு, வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி ஆகியன அதனோடு இருத்தல் நன்று. லொறியின் நிறுவனம் தன்னுடைய ஆளை அனுப்பிச் சேதத்தைப் பார்க்க விரும்பினால் அதற்கு இடமளிக்காமல் திருத்தத்தைத் தொடங்குவது பின்னர் வாதத்துக்கு வழிவகுக்கும். ஆயினும் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டிய கடமை எவருக்குமில்லை. குறித்த ஒரு திகதிக்குள் பார்வையிடாவிடின் வேலை தொடங்கப்படும் என்று எழுதிவிடலாம். நட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்புப் பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. கார் கராஜில் இருந்த நாட்களுக்கு வாடகை வண்டிச் செலவு கேட்கலாம். ஆனால் சிறிய காரை இழந்தவர் பெரிய சொகுசு வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டு அதன் செலவைக் கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். திருத்தச் செலவு காரின் பெறுமதியை மிஞ்சுமாயின், பெறுமதியே எல்லை. உடைந்த காரின் எஞ்சிய விலையும் அதிற் கழிக்கப்படும். லீசிங்கிற் பெற்ற வாகனமாயின் நிதி நிறுவனமே பதிவுப்படி முழு உரிமையாளராக இருப்பதால், அத்தகைய பணம் முதலில் அங்கேதான் செல்லும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

பொலிசார் கவனக்குறைவான சாரத்தியத்துக்காக நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினால், அப்பதிவின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்றுவைத்தல் வேண்டும். நட்டஈட்டுப் பேச்சிலும் வழக்கிலும் அது வலிய சான்று. அபராதம் அரசாங்கத்துக்குச் செல்வது. அது செலுத்தப்பட்டதால் கார்க்காரரின் கணக்குத் தீர்ந்ததாகாது. குறித்த ஒரு தொகைக்கு உட்பட்ட பிணக்குகள், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபையின் முன் முதலிற் செல்லவேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. அதற்கு அப்பாற்பட்டவை மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை.

காலவரையறையைப் பற்றி மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய நட்டத்துக்கான வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்படவேண்டும். நிறுவனத்திலிருந்து, “தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கப்பட்டு வருகின்றது” என்று மரியாதையான பதில்கள் வந்துகொண்டேயிருக்கும். அந்தப் பதில்கள் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. இரண்டு ஆண்டும் ஒரு நாளும் கழிந்தபின், அதே நிறுவனத்திலிருந்து வேறுவகையான பதில் வரலாம். ஆகவே விபத்து நிகழ்ந்து ஓராண்டு முடியுமுன்னரே ஒரு சட்டத்தரணியைக் கலந்துகொள்ளுதல் தக்கது.

தம்முடைய சொந்த நிறுவனத்தோடு பிணக்கு ஏற்பட்டவர் முதலில் அந்நிறுவனத்தின் மேலதிகாரிகளுக்கு எழுதிப் பதில் பெறவேண்டும். அதிலும் திருப்தியில்லையாயின், 2005ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். காப்புறுதித் தொழிலை மேற்பார்வை செய்வதற்கு, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் உண்டு. இரண்டிடத்திலும் வாய்ச்சொல்லுக்கு மதிப்புக் குறைவு. தொலைபேசியிற் பேசியவற்றை, அன்றே ஒரு சிறு கடிதமாக எழுதி அனுப்பியிருந்தவரின் முறைப்பாடே எடுபடும்.

பணம் கொடுக்க முன்வரும் நிறுவனம், விடுவிப்புப் படிவம் ஒன்றைக் கையொப்பத்துக்கு வைக்கும். முழுமையாகவும் இறுதியாகவும் தீர்க்கப்பட்டது என்னும் வாசகம் அதில் இருக்கும். பின்னாலிருந்து மோதப்பட்டவருக்குக் கழுத்திலும் முதுகிலும் ஏற்படும் நோவு அன்றே தெரியாது. ஓரிரு நாட்கள் கழிந்து காலையில் எழும்போது தெரியும். சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். காரின் சேதத்துக்கென்று நினைத்து இட்ட கையொப்பம் அந்த நோவுக்கான மருத்துவச் செலவையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். எனவே வைத்தியரை ஒரு முறை கண்டு, அவருடைய குறிப்பைக் கோவையில் வைத்துக்கொண்டு, விடுவிப்புப் படிவத்தில் “வாகனச் சேதம் தொடர்பாக மாத்திரம்” என்னும் சொற்களைச் சேர்த்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். அச்சொற்களைச் சேர்க்க நிறுவனம் மறுக்குமாயின், மறுப்பதற்கான காரணத்தை எழுத்திற் கேட்டுவிட்டுப் படிவத்தைக் கையொப்பமிடாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.